கல்கத்தாவிலிருந்து வந்த கை

செல்லப்பாண்டி பயந்தாங்கொள்ளி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் அவனைத் தெரிந்தவர்கள் பலரும் பயந்தாங்கொள்ளி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கூக்கால் என்ற மலைக்கிராமத்தில் பிறந்தவன். பூண்டுக் காட்டுக்குள் காட்டுமாடு இறங்கினால் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு தனியாகப் போய் விரட்டிவிட்டு வருவான். அட்டை கடிக்கக் கடிக்க மழையில் பதினைந்து மைல் நடப்பான். பாம்பைக் கண்டால் ஒதுங்கி நின்று வழிவிடுவானே தவிர கத்த மாட்டான். அப்படிப்பட்டவன்தான் 1957ஆம் வருஷம் ஆவணியிலிருந்து மார்கழி வரை ஒரு எலும்புக் கையைப் பார்த்துப் பார்த்துச் செத்துப் பிழைத்தான். அதற்கு நானும் ஒரு காரணம்.

நான் பழநிக்காரன், பெயர் சுப்புராஜ். அடிவாரத்தில் எங்களுக்குப் பூஜைச் சாமான் கடை. கடையில் உட்காருகிற பொறுமை எனக்குக் கிடையாது என்று அப்பாவே தீர்மானித்து, செண்பகனூர்ப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் கிளார்க் வேலைக்கு என்னை மலையேற்றிவிட்டார். அந்தக் குளிருக்கும் எனக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. செல்லப்பாண்டி அங்கே சயின்ஸ் ரூம் அட்டெண்டர். இரண்டு பேரும் ஒரே அறையில் குடியிருந்தோம். சமையல் அவன் பொறுப்பு, பேச்சு என் பொறுப்பு. என்னைவிட நாலு வயது சின்னவன், அண்ணே என்று கூப்பிடுவான்.

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் சயின்ஸ் ரூமுக்கு வந்தது ஒரு கூத்து. ஒரு துரை பங்களாவில் தோட்டவேலை பார்த்திருக்கிறான். சுதந்திரத்துக்குப் பிறகு துரை ஊருக்குக் கப்பலேறும்போது, 'இவன் கையில் எதுவும் உடையாது' என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு வரிக்காக வேலை கிடைத்தது. சாமான்களின் இங்கிலீஷ் பெயர் அவனுக்கு வாயில் நுழையாது. பிப்பெட்டுக்கு உறிஞ்சான், பியூரெட்டுக்கு ஒழுக்கான் என்று அவனாகப் பெயர் வைத்துக்கொண்டான். பையன்களும் அதையே சொன்னார்கள். பத்து வருஷத்தில் அவன் உடைத்தது ஒரே ஒரு கண்ணாடிக் குழாய். அதற்கும் ஒருநாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தான்.

நெருங்கிய சொந்தம் என்று அவனுக்கு இருந்தவர்கள் இரண்டு பேர்: அண்ணன் நல்லசாமி, அண்ணன் பெண்டாட்டி வேலுத்தாய். அதிலும் அண்ணன் இருந்தானா இல்லையா என்பதே கேள்வி. 1946 தை மாதத்தில் உறைபனி விழுந்து உருளைக்கிழங்கு மொத்தமும் கருகிப்போக, வேலை தேடிக் கீழே இறங்கிப் போனவன் நல்லசாமி. இரண்டு கார்டு வந்தது. இரண்டாவது கல்கத்தாத் துறைமுகத்திலிருந்து: மூட்டை சுமக்கிறேன், வெயில் ஆகவில்லை, வெரசா வந்துவிடுவேன் என்று யாரோ எழுதிக் கொடுத்த கார்டு. அவ்வளவுதான். பிறகு ஒரு தகவலும் இல்லை.

ஊரைவிட்டுப் போனவன் பன்னிரண்டு வருஷம் திரும்பி வரவில்லையென்றால் செத்தவனாக வைத்துக் கருமாதி செய்துவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். செய்யாவிட்டால் போன உயிர் போக்கிடம் இல்லாமல் அலையும் என்பார்கள். கூடப்பிறந்த தம்பிதான் செய்ய வேண்டும். அன்றைக்கே பெண்டாட்டியின் தாலியைக் கழற்றுவார்கள். 1958 தையோடு பன்னிரண்டு வருஷம் முடிகிறது. பங்காளிகளில் மூத்தவர் கந்தவேல் என்பவர் இரண்டு வருஷமாகவே தேதி எண்ணிக்கொண்டிருந்தார். வேலுத்தாய் முடியாது என்றாள். அவர் வருவார் என்று மட்டும் சொல்வாளாம். எப்போது, எப்படித் தெரியும் என்று கேட்டால் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவாளாம். செல்லப்பாண்டி அவள் பக்கம். என் கையால் மதினி தாலியை இறக்க மாட்டேன் என்று என்னிடமே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான்.

இந்த நிலைமையில்தான் ஆவணி மாதம் அந்தப் பெட்டி வந்தது.

எங்கள் பௌதிக வாத்தியார் சுவாமிநாதன் நல்ல மனுஷர். எதையும் கண்ணால் காட்டாமல் பாடம் நடத்தினால் அவருக்குத் தூக்கம் வராது. நெம்புகோல் பாடத்துக்கு மனுஷக் கையையே காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டார். முழு எலும்புக்கூடு வாங்கப் பள்ளிக்கூடத்துக்கு வக்கில்லை. மெட்ராஸ் கடைக்காரன் ஒருவன், கொஞ்சம் கோணலாக இருக்கிறது, கை மட்டும் மலிவாகத் தருகிறேன் என்று எழுத, சரி என்று வாங்கிவிட்டார். தோளிலிருந்து விரல் நுனி வரை பித்தளைக் கம்பியில் கோத்த இடது கை. பெட்டியைத் திறந்தது செல்லப்பாண்டி. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தது நான். என் வாய் சும்மா இருக்கவில்லை. பெட்டிப் பலகையில் அச்சடித்திருந்த இங்கிலீஷைப் பெருமையாகப் படித்துக் காட்டினேன்: முதலில் கிளம்பிய ஊர் கல்கத்தா.

அவன் முகம் மாறியது. வைக்கோலை விலக்கிக் கையை வெளியே எடுத்தான். துடைத்தான். துடைத்துக்கொண்டே வந்தவன் முழங்கைக்கு நாலு விரல் கீழே நின்றுவிட்டான். அங்கே எலும்பு ஒரு காலத்தில் ஒடிந்து, கோணலாகக் கூடி, புளியங்கொட்டை அளவுக்குப் புடைத்திருந்தது. கடைக்காரன் சொன்ன கோணல் அதுதான்.

அவன் கையை மெதுவாகத் திரும்ப வைக்கோலில் வைத்துவிட்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தான். என்னடா என்று கேட்டேன். நல்லசாமி பத்து வயதில் பேரிக்காய் மரத்திலிருந்து விழுந்து இடது கையை ஒடித்துக்கொண்டானாம். கட்டுப் போட்டவன் சரியாகப் போடவில்லை. நாலு விரல் கீழே, இதே இடத்தில் புடைப்பு. நான் சிரித்தேன். மரத்திலிருந்து விழுந்து கை ஒடித்துக்கொள்ளாத பயல் எந்த ஊரில் இருக்கிறான், உன் அண்ணன் ஒருத்தன்தான் விழுந்தானா என்று கேலி செய்தேன். அவன் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து சயின்ஸ் ரூம் கதவை அகலத் திறந்து, நாற்காலியை முட்டுக்கொடுத்த பிறகுதான் உள்ளே போவான். கை இருந்த அலமாரிக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நகர்ந்து வேலை செய்வான். பட்டப்பகலில், வெயில் ஜன்னல் வழியாக விழுகிற நேரத்தில், பையன்கள் வெளியே கத்திக்கொண்டிருக்கும்போதே அந்த விரல்கள் அசைந்ததாகச் சொன்னான். கம்பி, காற்றுக்கு ஆடியிருக்கும் என்றேன். ஜன்னல் சாத்தியிருந்தது என்றான். கன்னம் ஒட்டிப்போயிற்று. குழம்பில் உப்பு இருக்காது, அல்லது இரண்டு தடவை இருக்கும். நான் திட்டிக்கொண்டே சாப்பிட்டேன்.

கார்த்திகையில் நெம்புகோல் பாடம் வந்தது. சார் சொல்லச் சொல்லச் செல்லப்பாண்டிதான் எல்லாவற்றையும் கட்ட வேண்டும். மேல்கை எலும்பை ஸ்டாண்டில் நிமிர்த்திக் கட்டினான். முன்கை மேசைக்கு மேலே நேராக நீண்டது. முழங்கையிலிருந்து ஒன்றே முக்கால் அங்குலத்தில், தசை ஒட்டியிருந்த சொரசொரப்பான இடத்தில் ஒரு கம்பி வளையம். தசைக்குப் பதிலாக வில் தராசு. அதன் கொக்கியை வளையத்தில் மாட்டி, மேல்முனையைத் தோள் பக்கம் கட்டினான். உள்ளங்கையில் இரண்டு ராத்தல் கல், ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கல்லை மாட்டுவதற்கு முன்னால் அவன் உதடு அசைந்தது. ஏதோ ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்கப் போயிருந்த நான் பக்கத்தில் நின்றதால் காதில் விழுந்தது. மன்னிச்சிருண்ணே என்றான். என்னைச் சொல்லவில்லை.

சார் பையன்களைக் கேட்டார்: உள்ளங்கையில் இரண்டு ராத்தல் இருக்கிறது, தசை எத்தனை ராத்தல் இழுக்க வேண்டும்? இரண்டு என்றார்கள். முள்ளைப் பார்க்கச் சொன்னார். பதினாறுக்கும் மேலே நின்றது. வகுப்பே வாயைப் பிளந்தது. பாரம் எவ்வளவு என்பது மட்டும் போதாது, மூட்டிலிருந்து அது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பெருக்க வேண்டும், அதுதான் திருப்புத்திறன் என்று விளக்கினார். கல் பதினான்கு அங்குலம் தள்ளி இருக்கிறது. தசையோ ஒன்றே முக்காலில் பிடித்துக்கொண்டிருக்கிறது. எட்டு மடங்கு தூரம், ஆகவே எட்டு மடங்கு இழுப்பு. கடவுள் ஏன் இப்படி நஷ்டமாகச் செய்தார் என்று ஒரு பையன் கேட்டான். தசை ஒரு அங்குலம் சுருங்கினால் உள்ளங்கை எட்டு அங்குலம் எழும்புகிறதே, சோற்றை வாய்க்குக் கொண்டுபோக அந்த வேகம் வேண்டாமா என்றார் சார். பையன்கள் தங்கள் கையை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டார்கள். செல்லப்பாண்டி சுவரோடு ஒட்டி நின்றான். அடுத்து நாலு ராத்தலை மாட்டச் சொன்னபோது, தராசு தாங்காது சார் என்று பொய் சொன்னான்.

மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தவன் சொன்னான்: "ரெண்டு ராத்தலுக்கே பதினாறு இழுக்கணுமாம்ணே. துறைமுகத்துல ரெண்டு மணங்கு மூட்டையத் தூக்குன கைக்கு எம்புட்டு இருந்திருக்கும்?"

நான் ரசத்தை ஊற்றிக்கொண்டேன். கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கலாம், போடவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சாரிடமே போய் ஒரு சந்தேகம் கேட்டானாம். ஊர்த் திருவிழாவில் ஒரு பந்தயம் உண்டு. முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, முன்கையை நேராக நீட்டி, உள்ளங்கையில் தண்ணீர்க் குடத்தைத் தொங்கவிட்டு நிற்க வேண்டும். அவன் அண்ணன் ஈர்க்குச்சி மாதிரி இருப்பான், ஆனால் தடித்தடி ஆட்களெல்லாம் குடத்தை இறக்கிய பிறகும் நின்றுகொண்டிருப்பான். தாயத்து கட்டியிருக்கிறான் என்று ஊரில் சந்தேகப்பட்டுச் சட்டையைக் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள். அது எப்படி சார் என்று கேட்டிருக்கிறான். சாருக்கு ஒரே குஷி. முன்கை குட்டையாக இருந்திருக்கும், தூரம் குறைந்தால் திருப்புத்திறன் குறையும், தாயத்தெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லி முதுகில் தட்டி அனுப்பினார். அவருக்கு வேறொன்றும் தெரியாது, பாவம்.

செல்லப்பாண்டி நேராக ஆபீஸ் ரூமுக்கு என்னிடம் வந்தான். உதடு வெளுத்திருந்தது. நல்லசாமியின் முன்கை குட்டைதான். சின்ன வயதில் இருவரும் முழங்கையைத் தரையில் ஊன்றி அளந்து பார்ப்பார்களாம். தம்பி வளர்ந்த பிறகு அண்ணன் மணிக்கட்டு ஒரு கட்டைவிரல் அகலம் கீழே நிற்கும். அளந்து பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் தனியாக என்னால் முடியாது, கூட வாங்கண்ணே என்றான்.

பள்ளிக்கூடம் விட்டதும் போனோம். நாலு மணிதான் இருக்கும், ஏரிப் பக்கமிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது. நான் எலும்புக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதுவரை கேலி பேசிக்கொண்டிருந்த எனக்கு, அந்த விரல்களைத் தொட்டபோது, யாரோ கைகுலுக்க நீட்டியதைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. செல்லப்பாண்டி இடது சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, முழங்கையை மேசையில் ஊன்றி, எலும்போடு எலும்பாகச் சேர்த்து நிமிர்த்தினான். கண்ணை மூடிக்கொண்டான். "பாத்துச் சொல்லுங்கண்ணே" என்றான்.

பொய் சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. எலும்பின் மணிக்கட்டு அவன் மணிக்கட்டுக்குக் கீழே நின்றது. என் கட்டைவிரலை நடுவில் வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது.

பிறகு நான் என்னென்னவோ சொன்னேன். சதை போனால் மூட்டு கொஞ்சம் சுருங்கும், கை குட்டையானவர்கள் மெட்ராஸ் ராஜ்யத்திலேயே லட்சம் பேர் இருப்பார்கள், கல்கத்தாவில் கணக்கே கிடையாது, வாரிசில்லாத பிணம் எத்தனையோ ஆஸ்பத்திரியிலிருந்து போகிறது, அதில் உன் அண்ணன்தான் உன் கைக்கே வந்து சேர வேண்டுமா என்று கேட்டேன். எல்லாம் நியாயமான பேச்சு. நானே நம்பவில்லை. பயம் என்னையும் பிடித்துவிட்டது.

செல்லப்பாண்டி ஒன்றுதான் சொன்னான். "சொன்னா மதினி தாலி போயிரும். சொல்லாட்டி அண்ணன் இங்கனயே தொங்கிக்கிட்டுக் கெடக்கும். நான் என்ன செய்யண்ணே?"

மார்கழியில் கந்தவேலிடமிருந்து கார்டு வந்தது. படித்துக் காட்டியது நான்தான். தை ஐந்தாம் தேதி கருமாதி, நீ வந்து சேர், வராவிட்டால் பங்காளிகளே செய்துகொள்வோம் என்று இருந்தது. தம்பி உயிரோடு இருக்கும்போது அப்படிச் செய்ய மாட்டார்கள், மிரட்டல்தான். ஆனால் அன்று சாயந்திரமே செல்லப்பாண்டிக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று நாள் இறங்கவில்லை. அனலாகக் கொதிக்கிற உடம்போடு, கல்லை எடுங்க, கல்லை எடுங்க என்று பிதற்றினான். எனக்கு அவன் பிழைக்க மாட்டானோ என்று பயம் வந்துவிட்டது. அவனைக் கேட்காமலே, கூக்கால் பக்கம் போகிற காய்கறி லாரிக்காரனிடம் வேலுத்தாய்க்குச் சொல்லியனுப்பினேன்: கொழுந்தனுக்கு உடம்பு முடியவில்லை, உடனே வரவும்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் வந்தாள். பூம்பாறை வரை நடந்து, அங்கிருந்து லாரியில் மூட்டைகளோடு உட்கார்ந்து வந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். வெயிலிலும் பனியிலும் வெடித்த கன்னம், வாரிச் செருகிய கொண்டை. சேலைக்கு மேலே கனத்த மஞ்சள் கயிறு தெரிந்தது. அதைப் பார்த்ததும் நான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன். செல்லப்பாண்டிக்கு அன்றுதான் காய்ச்சல் விட்டிருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். ஐந்து மாதம் அடக்கிவைத்திருந்ததை ஒரே மூச்சில் கொட்டிவிட்டான்: பெட்டி, கல்கத்தா, புடைப்பு, அளந்தது எல்லாம். நான் அவனை நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை.

அவள் அழவில்லை. கத்தவும் இல்லை. நழுவிக் கிடந்த போர்வையை எடுத்து அவன் தோளில் போர்த்தினாள். பிறகு, எங்க இருக்கு, காட்டுங்க என்றாள்.

பள்ளிக்கூடத்தில் யாரும் இல்லை. சயின்ஸ் ரூமைத் திறந்தேன். செல்லப்பாண்டி படுத்திருந்த நாட்களில் சாரே எல்லாவற்றையும் கட்டி வைத்திருந்தார். திங்கட்கிழமை இன்னொரு வகுப்புக்கு அதே பாடம். நெட்டாக நின்ற ஸ்டாண்டு, நீண்ட கை, உள்ளங்கையில் தொங்கும் கல். இந்த முறை நாலு ராத்தல். முள் தராசின் அடிமட்டம் வரை இறங்கியிருந்தது. செல்லப்பாண்டி வாசற்படியைத் தாண்டி வரவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் பல் தந்தியடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. நானும் கதவோரமே நின்றுவிட்டேன்.

அவள் மட்டும் மேசை வரை போனாள். தொடாதேம்மா என்று சொல்ல நினைத்தேன். சொல்வதற்குள் அவள் கட்டைவிரல் புடைப்பின் மேல் இருந்தது. தேடவில்லை, தடவவில்லை; நேராக அங்கேதான் போய் நின்றது. எவ்வளவு நேரம் அப்படி வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது.  அவள் 'ஆமாம்' என்று சொல்லிவிட்டால் தை ஐந்தாம் தேதி என்ன நடக்கும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

அவள் கையை எடுத்தாள்.

"இது அவுக இல்ல" என்றாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

செல்லப்பாண்டி நிலையைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நெசமாவா மதினி, நெசமாவா மதினி என்று இரண்டு மூன்று தடவை கேட்டான். எனக்குத் தெரியாதா என்றாள் அவள். பங்காளிகள் கேட்டால் அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்று அடித்துச் சொல்ல வேண்டும், தை மாதம் ஊர்ப்பக்கம் தலைகாட்டக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கினாள். அவனும் தன் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தான். ஐந்து மாதத்துக்குப் பிறகு அவன் முகத்தில் அன்றுதான் ரத்தம் பார்த்தேன். எனக்கும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. கிளம்பலாம் என்று சாவியை எடுத்தேன்.

அவள் வாசல் வரை வந்துவிட்டாள். அங்கே நின்று திரும்பிப் பார்த்தாள்.

"அந்தக் கல்லக் கழட்டி வச்சுட்டு வாங்க கொழுந்தனாரே" என்றாள். "எம்புட்டு நேரமாத் தொங்குது. கை வலிக்கும்ல."

செல்லப்பாண்டி எழுந்தான். இந்தத் தடவை தயங்காமல் உள்ளே போய், இரண்டு கையாலும் தாங்கிக் கல்லை உள்ளங்கையிலிருந்து எடுத்துக் கீழே வைத்தான். முள் மேலே ஏறிச் சுழிக்குப் பக்கத்தில் நின்றது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. வேலுத்தாய் மஞ்சள் கயிற்றை எடுத்து ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டு, சேலைத் தலைப்பை இழுத்து மூடி, எங்களுக்கு முன்னால் படியிறங்கினாள்.